சனிக்கிழமைச் சுண்டல்

என் அண்ணன் செங்கல்வராயனைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. கோபக்காரன் என்பது ஒன்று, பெண்டாட்டிக்கு அடங்கினவன் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். மடையில் தண்ணீரைத் திருப்பினவனை மண்வெட்டியோடு துரத்துகிற ஆள், அண்ணி இரண்டு தும்மல் சேர்ந்தாற்போல் போட்டால் ஏரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான். அவ்வளவு பிரியம் வைத்தவன் அவளுக்குச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

நான் அவனுக்கு நேர் இளையவள், சந்திரம்மா. அதே ஊரிலேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டேன். புத்தூருக்குத் தெற்கே, நகரி சாலையிலிருந்து உள்ளே தள்ளின ஊர். அண்ணி அலர்மேல்மங்கைக்குத் தாய்வீடு திருத்தணிக்குப் பக்கத்தில். எல்லைச் சண்டை முடிந்து, அவள் பிறந்த ஊர் மெட்ராஸோடு போகிறது, வாழ வந்த ஊர் ஆந்திராவிலேயே நிற்கிறது என்று பேச்சு அடிபட்ட காலம் அது. "உங்க முருகன் அந்தப் பக்கம் பூட்டாரு. இனிமே யாரெக் கும்புடப் போறே?" என்று அண்ணன் சீண்டுவான். அண்ணி சும்மா இருக்கிற ஆள் இல்லை. "என் பேரு அலர்மேல்மங்கை. நான் பெருமாளு வூட்டுக்காரி. முருகன் பேரெ வெச்சிக்கினு இருக்கிறது நீதான் மாமா, நீ வோணா எல்லையத் தாண்டிப் போ" என்பாள்.

பிள்ளை இல்லாத வீடு. அந்தக் குறையை இப்படிப் பேசியும் சிரித்தும் மூடி வைத்திருந்தார்கள்.

அவளுக்கு அந்தச் சீக்கு எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நன்றாக இருந்துகொண்டே இருப்பாள். திடீரென்று உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். உதடு வீங்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள், கூடவே மூச்சு இரைக்கும். மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். எப்போதாவது வந்துகொண்டிருந்தது, போகப் போக அடிக்கடி வந்தது. வேப்பிலை அடித்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவினார்கள். எதற்கும் கேட்கவில்லை. ஒருநாள் மூச்சு முட்டி அவள் உதடு நீலம் பாரித்துப்போன பிறகுதான் அண்ணனுக்கு ஊர் வைத்தியத்தில் நம்பிக்கை போனது. அவளை பஸ் ஏற்றிச் சித்தூருக்குக் கொண்டுபோனான். துணைக்கு நானும் போனேன்.

டாக்டர் பெயர் உமாபதி. சொந்தமாக வைத்தியம் பார்க்கிறவர், எங்களைப் போலவே தமிழையும் தெலுங்கையும் கலந்து பேசுகிறவர். ஊசி போட்டு மூச்சைச் சமாதானப்படுத்திவிட்டு, நிதானமாகக் கேள்வி கேட்டார். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகிற வரைக்கும் என்னென்ன வாயில் போகிறது என்று ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். அண்ணனும் அண்ணியும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். களி, கீரை, புளிக்குழம்பு, பொட்டுக்கடலைச் சட்னி, வேர்க்கடலைத் துவையல், கத்திரிக்காய், மோர், வெற்றிலை வரைக்கும் சொன்னார்கள். மறைத்தது எதுவும் இல்லை.

"சூடண்டி, இதோ பாருங்க" என்றார் டாக்டர். "இது தொத்து வியாதி இல்லே, செய்வினையும் இல்லே. நீங்க சாப்பிடற பதார்த்தத்துல ஏதோ ஒண்ணு இந்தம்மா ஒடம்புக்கு ஆகலே. மத்தவங்க அதையே சாப்பிட்டுட்டு ஜம்முனு இருப்பாங்க, இவங்களுக்கு மட்டும் விஷம். அது எதுன்னு கண்டுபிடிக்க மாத்திரை கிடையாது. நாக்கைக் கட்டணும்."

முறையையும் சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் பழைய அரிசிக் கஞ்சியும் உப்பும் மட்டும். அப்புறம் வாரத்துக்கு ஒரே ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்த வாரத்தில் உடம்பு கெடுகிறதோ அதுதான் குற்றவாளி. அதை ஒழித்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கு இது சட்டென்று பிடித்துப்போனது. "கெணத்துல உப்புத் தண்ணி எந்த ஊத்துலேர்ந்து வர்து, அடச்சு அடச்சுப் பாக்கறோம் இல்லே, அதே கதைதான்" என்று பஸ்ஸில் வரும்போதே எனக்கு விளக்கம் சொன்னான். கூடவே ஒரு வேண்டுதலும் வைத்தான். புரட்டாசி மாதம் அது. நெற்றியில் நாமம் போட்டு, சொம்புக்கும் நாமம் சாத்தி, "கோவிந்தா" என்று வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி, அதைப் பொங்கிப் பெருமாளுக்குப் படைப்பது எங்கள் பக்கம் எல்லாரும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் செய்கிற காரியம். அண்ணன் அதோடு நிற்கவில்லை. அலர்மேலுக்கு உடம்பு தேறுகிற வரைக்கும், மாதம் எதுவானாலும், சனிக்கிழமைதோறும் சொம்பு எடுப்பதாக வேண்டிக்கொண்டான்.

பக்கத்து வயல்காரனுக்கு மண்வெட்டி இரவல் கொடுக்காத மனுஷன், வாராவாரம் தெருவில் நின்று கையேந்தினான். அவனிடம் கூலிக்கு வருகிறவர்கள் வீட்டு வாசலிலும் நின்றான். எனக்கு அதைப் பார்த்து முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிக்க முடியவில்லை. வாங்கின அரிசியில் பொங்கல் வைப்பான். கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்வான். அண்ணியை அடுப்பண்டை விடமாட்டான். காலையிலிருந்து பட்டினி கிடக்கிறவளை விளக்கு முன்னால் உட்காரவைத்து, கற்பூரம் காட்டி, துளசித் தீர்த்தம் விட்டு, பொங்கலும் சுண்டலுமாக ஒரு கை எடுத்துத் தன் கையாலேயே அவள் வாயில் ஊட்டுவான். ஊட்டும்போது அவன் உதடு ஏதோ முணுமுணுக்கும். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் அவனைக் கோபக்காரன் என்று சொல்லமாட்டார்கள்.

இங்கேதான் எல்லாம் கோணிப்போனது. பிரசாதம் எங்களுக்குச் சாப்பாடு இல்லை. யாராவது "சாப்பிட்டியா" என்று கேட்டால், வயிறு நிறையப் பொங்கல் பிரசாதம் தின்றவர்கள்கூட "இன்னும் இல்லே" என்றுதான் சொல்வோம். விரதம் இருக்கிறவள் பிரசாதம் தின்றால் விரதம் முறிந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். டாக்டர் சாப்பாட்டைக் கட்டச் சொன்னபோது பிரசாதமும் அதில் சேரும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எதையும் வெள்ளிக்கிழமையில் ஆரம்பிப்பது அண்ணன் வழக்கம், விதை விடுவதானாலும் சரி, மாடு வாங்குவதானாலும் சரி. அதனால் கஞ்சி வாரங்கள் முடிந்ததும், புதுப் பொருளை வெள்ளிக்கிழமைதான் சேர்ப்பான். மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் பிரசாதம். பொழுது சாய்வதற்குள் அண்ணிக்குத் தடிப்பு எழும்பும், மூச்சு இரைக்கும்.

"பாத்தியா? நேத்து துன்ன கத்திரிக்கா இன்னிக்கு வேலையெக் காட்டுது" என்பான் அண்ணன். கத்திரிக்காய் வீட்டைவிட்டுப் போனது. அடுத்து துவரம்பருப்பு போனது. முருங்கைக்கீரை போனது. கேழ்வரகு போனது. பால் சேர்த்த வாரத்தில் மூச்சு கொஞ்சம் அதிகமாக முட்டிவிட்டது. மறுநாளே கறவை மாட்டை அவிழ்த்துக்கொண்டுவந்து என் வீட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டான், அவள் கண்ணில் பால் படவே கூடாதென்று. அது அவள் கன்றிலிருந்து வளர்த்த மாடு. சாயங்காலங்களில் வந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பாள்.

மற்ற நாட்களில் நன்றாகத்தானே இருக்கிறாள், வெறும் கஞ்சி குடித்த வாரங்களிலும் சனிக்கிழமை வந்ததே என்று நான் ஒருநாள் கேட்டேன். "பழைய விஷம் ஒடம்பெ விட்டுப் போய்க்கினு இருக்குது, அப்டித்தான் ஏறி எறங்கும்" என்றான். சனிக்கிழமை வேறு வெறும் வயிறு, அதனால் அன்றைக்குத் தலைதூக்குகிறது என்றும் சொன்னான். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

தை மாதம் வந்தபோது அவளுக்கு மிஞ்சினது கஞ்சியும் உப்பும்தான். ஊரெல்லாம் கரும்பும் பொங்கலுமாக இருக்க, அவள் கிண்ணத்துக் கஞ்சியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என் குழந்தைகளுக்குத் தலை வாரினாள். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. வளையல்களை நூல் சுற்றிப் போட்டிருந்தாள்.

"அண்ணி, நாக்கு செத்துப்போவலியா உனுக்கு?" என்றேன்.

"செத்துதான் பூட்ச்சு" என்று சிரித்தாள். "வாரத்துக்கு ஒருநாள் உசுரு வர்து. அந்தச் சுண்டல்ல உப்பும் தேங்காயும் போட்டு உங்கண்ணன் செஞ்சி குடுக்கறாரு பாரு, அத்துக்காவத்தான் ஆறு நாளு கஞ்சி குடிக்கிறேன்."

அதற்கப்புறம் நடந்த ஒரு விஷயத்தை அண்ணன் எனக்குச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான். ஆனாலும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பங்குனியில் அவளை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறான். அவளைப் பார்த்ததும் டாக்டர் பயந்துவிட்டார். பரிசோதனை முடிந்து அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அண்ணனை மட்டும் நிறுத்தி, ஒவ்வொரு வாரமாகக் கேட்டிருக்கிறார். எல்லா வாரமும் சனிக்கிழமைதான் உடம்பு கெட்டது என்று தெரிந்ததும், "சனிக்கிழமை என்ன கொடுக்கறீங்க?" என்றார்.

"சனிக்கெழம ஒருபொழுதுங்க. ஒண்ணுமே துன்றதில்லே."

"ஒண்ணுமேவா?"

"பெருமாளு பிரசாதம் ஒரு கை. வேற ஒண்ணும் இல்லீங்க."

"பிரசாதத்துல என்ன இருக்கும்?"

"பொங்கலு, துளசி, கொண்டக்கடலெ சுண்டலு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாராம். அவர் நெற்றியிலும் சந்தனம் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கடலைமாவு எல்லாம் ஒரே வித்து. முன்னே சட்னியில தினமும் போயிக்கிட்டு இருந்தது. நீங்க வீட்ல நிறுத்திட்டீங்க, சாமி முன்னாடி நிறுத்தலே. இந்தம்மாவைப் படுத்தறது இதுதான். கத்திரிக்கா, பால், பருப்பு எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க. கடலை மட்டும் ஆயுசுக்கும் கூடாது."

வாராவாரம் தன் கையாலேயே ஊட்டினது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "அந்தம்மாகிட்டே இதைத் தெளிவாச் சொல்லிடுங்க. ரொம்ப நாள் நிறுத்தி வெச்சு, திடீர்னு உள்ளே போனா, முன்னே மாதிரி தடிப்போட போகாது. உசுருக்கே ஆபத்து ஆகலாம். நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு வந்தான் அண்ணன்.

சொல்லவும் பார்த்தான். பஸ்ஸில் வரும்போதே, "அடுத்த சனிக்கெழம சுண்டலு இல்லாம பொங்கலு மட்டும் துன்னு பாக்கலாமா?" என்று மெல்ல ஆரம்பித்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதி தைரியம் போய்விட்டது. "பிரசாதத்துல இது வோணும் அது வோணாம்னு சொல்ல நான் யாரு மாமா?" என்றாள். "டாக்டர்தான்..." என்று இழுத்தான். அவள் முகம் சுண்டிப்போனது. "எல்லாம் வோணாம்னுட்டீங்க, சரின்னேன். புள்ளையும் குடுக்கலே, சோறும் குடுக்கலே, அந்த ஒரு கைதான் பெருமாளு எனுக்குக் குடுக்கிறாரு. அதுவும் எனுக்கு ஆவாதுன்னா, என்னெ அவரு வோணாம்னு தள்ளிட்டாருன்னுதானே அர்த்தம்?" பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீடு வருகிற வரைக்கும் அழுதாள். மறுநாள் கஞ்சியும் குடிக்கவில்லை. அந்த உடம்பில் ஒருநாள் கஞ்சி இல்லாவிட்டால் என்ன மிஞ்சும்? அண்ணன் பயந்துபோனான். "டாக்டரு ஒண்ணும் சொல்லலே, நான்தான் உளறிட்டேன்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சி அவளைக் குடிக்கவைத்தான்.

அதற்குப் பிறகு பொய் சொல்வது அவனுக்குச் சுலபமாகிவிட்டது.

அந்தப் பங்குனி முடிவதற்குள்தான் எல்லை நிஜமாகவே பிரிந்தது. திருத்தணி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். சாலையில் தடுப்புப் போட்டு வண்டிகளைச் சோதித்தார்கள். எது வரும், எது வராது என்று எவனுக்கும் தெரியாது. மண்ணெண்ணெய் வராது என்றான் ஒருவன், கல்யாணப் பத்திரிகைகூட வராது என்றான் இன்னொருவன், எல்லாவற்றையும் நம்பினோம். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். "கொண்டக்கடலெ அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றதாம், எல்லையில நிறுத்திட்டானுங்க. பெருமாளுக்குக் காராமணிச் சுண்டலே போதும்" என்று அவளிடம் சொன்னான். அவள் நம்பினாள். "எல்லையப் போட்டவனுங்க நாசமாப் போவ" என்று திட்டிவிட்டுக் காராமணிச் சுண்டலைக் கண்ணில் ஒற்றித் தின்றாள்.

என்னிடம் வந்து, "உங்கூட்ல கடலெ போட்டு எதுவும் ஆக்காதே. அவ வந்தா ஆசப்படுவா" என்று மட்டும் சொன்னான். ஏதோ பத்தியம் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். அன்றைக்கு ஏன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் சொல்லாததை நினைக்க நினைக்க எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது.

அண்ணி தேறினாள். அதை நான் என்னென்று சொல்வேன்! முதல் சனிக்கிழமை தடிப்பு எழும்பவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. அண்ணன் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தான். கீரை வந்தது, பருப்பு வந்தது, கத்திரிக்காய்க் குழம்பு வைத்த அன்று எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினாள். மாட்டை அவளே வந்து ஓட்டிக்கொண்டு போனாள். ஆடி மாதத்தில் கன்னம் ரொம்பி, வளையலிலிருந்து நூலை அவிழ்த்துப் போட்டாள். ஊரில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "டாக்டரு கஞ்சியும் உப்புமா என்னெக் கொன்னாரு. காப்பாத்தினது பெருமாளு பிரசாதம்தான். வேற எந்த மருந்தும் இல்லே." பக்கத்தில் நின்று அண்ணன் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் முகம் ஒருமாதிரி இருக்கும். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி வந்ததும் வேண்டுதலை முடிக்கத் திருப்பதி போக வேண்டும் என்றாள். தன் பங்குக்கு அவளும் முடி கொடுப்பதாக வேண்டியிருந்தாள், எங்களுக்குச் சொல்லாமல். அண்ணன் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டான். அறுவடை என்றான், மழை என்றான். அவள் விடவில்லை. சாமி கடனில் விளையாடினால் சீக்கு திரும்பி வரும் என்று பயந்தாள். கடைசியில் மூன்று பேருமாகக் கிளம்பினோம்.

மலையில் அண்ணன் நடந்துகொண்ட விதம் எனக்கு வினோதமாக இருந்தது. அவளை ஒரு நிமிஷம் தனியாக விடவில்லை. லட்டு வாங்கினதும் துண்டில் முடிந்து தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். "வூட்ல வெளக்கு முன்னாடி வெச்சிட்டுத்தான் துன்னணும்" என்றான். தயிர்சாதத்தை மட்டும் வாங்கிக் கொடுத்தான். அண்ணி மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, பத்து வயது குறைந்தவள்போல் இருந்தாள். நீண்ட முடி அவளுக்கு. அதைக் கொடுத்ததில் அவளுக்குத் துளி வருத்தம் இல்லை.

"உங்கண்ணனுக்குப் பயம்" என்று என் காதில் சொன்னாள். "ஒடம்பு திரும்பக் கெட்டுடுமோன்னு. இனிமே எனுக்கு ஒண்ணும் வராது, சந்திரம்மா. பெருமாளு பாத்துட்டாரு என்னெ."

கீழே இறங்கி, திருப்பதியில் ஒரு சத்திரத்தில் மூட்டைகளை வைத்தோம். சனிக்கிழமை மத்தியானம். ஊருக்கு பஸ் எப்போது என்று விசாரித்துவருகிறேன் என்று அண்ணன் போனான். போகும்போது, "நான் வர்ற வரிக்கும் எதுவும் துன்னாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நாங்கள் இருவரும் சிரித்தோம். குழந்தைகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறான் என்று.

சத்திரத்து முற்றத்தில் பலமனேர்க்காரர்கள் ஒரு கூட்டம் வேண்டுதலுக்குப் பொங்கிப் படைத்துத் தளிகை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோவிந்தா சொல்லி, கற்பூரம் காட்டி முடித்ததும், ஒரு அம்மா தட்டோடு எல்லாரிடமும் வந்தாள். "தீசுகோண்டம்மா, சாமி பிரசாதம்" என்று நீட்டினாள். தட்டில் கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய் தூக்கலாகப் போட்டது.

அண்ணியின் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. "பாத்தியா சந்திரம்மா, நம்ம பக்கம் வராத கடலெ இங்க இருக்குது! எத்தினி நாளாச்சு இதெ வாய்ல போட்டு!" இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள். அவர்களும் குறைவில்லாமல் போட்டார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றாள். எனக்கும் கொடுத்தாள், நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அண்ணனுக்கென்று ஒரு பிடியை இலையில் எடுத்துவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் உதட்டைத் தடவிக்கொண்டாள். கழுத்தைச் சொறிந்தாள். மலையில் வெயில் என்றாள். இன்னும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்ட நேரத்தில்தான் அண்ணன் வாசலில் வந்தான்.

வந்தவன் அவள் வாயைப் பார்த்தான், இலையைப் பார்த்தான். அவ்வளவு பெரிய கத்தலை நான் அவன் வாயில் கேட்டதில்லை.

"துப்பு! துப்பிடு அலமேலு, துப்புடீ!"

பாய்ந்து வந்து அவள் தாடையைப் பிடித்தான். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அண்ணி மிரண்டுபோய் அவனைப் பார்த்தாள். பெருமாள் காலடியில், சனிக்கிழமையும் அதுவுமாக, வாயில் இருக்கிற பிரசாதத்தைத் துப்பச் சொல்கிறானே, புத்தி பேதலித்துவிட்டதா என்றுதான் அவள் பார்த்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அவசர அவசரமாக மென்று, விழுங்கிவிட்டாள். அவன் செய்யப் பார்த்த பாவத்திலிருந்து அவனைக் காப்பாற்றிய மாதிரி.

பலமனேர்க்காரர்களில் ஒருவர் ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தார். "பிரசாதத்தைத் துப்பச் சொல்றியே, மனுஷனா நீ?" என்று திட்டினார். அண்ணன் அவரை உதறித் தள்ளினான். அதற்குள் அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். இந்தமுறை தடிப்பெல்லாம் எழும்ப நேரமே இல்லை. நேராக மூச்சுக்கே வந்தது. ஜட்கா வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினோம். அவன் மடியில் அவள் தலை. ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்கு முன்பே அடங்கிவிட்டாள்.

ஊரில் எல்லாரும் அவளைப் புண்ணியவதி என்றார்கள். முடி கொடுத்து, தரிசனம் முடித்து, புரட்டாசிச் சனிக்கிழமையில், பிரசாதம் வாயில் இருக்கும்போதே போனாளே, யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு என்றார்கள். கிழவிகள் பொறாமைப்பட்டு அழுதார்கள். அண்ணன் அதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கருமாதி அன்று அவளுக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கிப் படைத்தோம். யாரோ கொண்டைக்கடலைச் சுண்டலையும் செய்து கொண்டுவந்து இலையில் வைத்தார்கள், அவள் கடைசியாக ஆசைப்பட்டுத் தின்றது என்று. அண்ணன் எழுந்துவந்து இலை முன்னால் உட்கார்ந்தான். கடலையை மொத்தமாக வழித்துத் தன் துண்டில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போனான். ஏன் என்று பெண்கள் கேட்டதற்கு, "சரியா வேவலே" என்றான்.

நான் பின்னாலேயே போனேன். எருக்குழியில் துண்டை உதறிவிட்டு நின்றவன், அங்கேதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னான், டாக்டர் சொன்னதிலிருந்து காராமணி வரைக்கும். கேட்டு முடித்ததும் மூத்தவன் என்றுகூடப் பார்க்காமல் அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் நகரவில்லை. அடித்தால் தேவலை என்பதுபோல் நின்றான். கையை இறக்கிவிட்டேன்.

"ஒரு வார்த்த, அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா?"

"சாமியே என்னெத் தள்ளிடுச்சின்னு ஒரு நாளெல்லாம் அழுதா. அதெப் பாத்துட்டுப் பயந்துட்டேன். சொன்னா தாங்கமாட்டா, செத்துடுவான்னு நெனச்சேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வெறும் கஞ்சியும் உப்பும், ஆறு மாசம் குடிச்சா, ஒரு முணுமுணுப்பு இல்லே. மாட்டெ ஓட்டிக்கினு போனேன், பேசாம இருந்தா. புள்ள இல்லேன்னு ஊரு சொன்னதெல்லாம் கேட்டுக்கினு சிரிச்சா. இத்தினியும் தாங்கினாளே சந்திரம்மா. நான் சொல்லியிருந்தா, இதெத் தாங்கியிருக்கமாட்டாளா?"

தாங்கியிருக்கமாட்டாள் என்று நான் சொல்லவேண்டும் என எதிர்பார்த்துக் கேட்டான். கூடப்பிறந்தவள்தானே, ஆறுதலுக்காவது சொல்லியிருக்கலாம்.

"தாங்கியிருப்பா அண்ணா" என்றேன்.